ஆளில்லாத தீவுக்கு ஒருநாள் போயிட்டு வந்தவங்க எழுதுங்க

கோபிக்காரர்:
நாங்க போனது பாம்பன் பக்கத்துல இருக்கற குருசடைத் தீவு. குந்துகால் கரையில டிக்கெட்டு வாங்கிட்டு வனத்துறை படகுல போனோம். எறங்கின எடத்துல காலுக்கடியில பூராவும் செத்த பவளத் துண்டு. அக்கா பையன் ஒண்ணை எடுத்து டவுசர் பையில போட்டுட்டான். கூட வந்த வனத்துறைக்காரர் அதட்டலீங்க. குத்தவெச்சு உக்காந்து, "அதை இருந்த எடத்துலயே வச்சிரு தம்பி. இந்தத் துண்டும் மணலும் சேந்ததுதான் தீவே. முன்னாடி பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டு போனாங்க. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லி முழுகிருச்சு, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி முழுகிருச்சு"ன்னார். பையன், "அப்ப இதும் முழுகிருமாங்க?"ன்னான். அவர் கடலைப் பாத்தார். "நேரமாச்சு, படகுக்கு வாங்க"ன்னுட்டு எந்திரிச்சுட்டார். அவர் ஏன் பதில் சொல்லலைன்னுதான் இன்னும் யோசிக்கறேன்.

திருப்பூர் பனியன்:
துண்டும் மணலும் சேந்ததுன்னாலும் குருசடை வெறும் மணல்திட்டு இல்லீங்க. மரம், பழைய கட்டடம் எல்லாம் இருக்குது. வெறும் மணல் வேணும்னா தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அக்கட்ட இருக்கற திட்டுகதான், ஆனா அங்க போக அனுமதி கெடையாது. எங்ககிட்ட ஒருத்தர் போன்ல "கூட்டிட்டுப் போறேன், ஆளுக்கு இவ்வளவு"ன்னு பேசினார். நேர்ல போனப்ப, கரையில மீன் வித்துட்டு இருந்த ஒரு அம்மா அந்தப் பக்கம் கையக் காட்டி, "2022ல சிலோன்ல இருந்து அகதியா வந்த சனத்தைப் பிள்ளைகளோட நாலாந்திட்டுல எறக்கி விட்டுட்டுப் படகுக்காரன் போயிட்டான். கடலோரக் காவல்படைதான் போய்க் கூட்டியாந்துச்சு. அங்க என்னய்யா பாக்கப் போறீய?"ன்னு கேட்டாங்க. பணத்தைத் திருப்பிப் பையில வெச்சுட்டு வந்துட்டமுங்க. அந்த அம்மா மூஞ்சி மறக்க மாட்டீங்குது.

கோவை அம்மிணி:
எங்களுது லட்சத்தீவு. கொச்சி போய் அகத்திக்கு விமானம், அங்கிருந்து படகுல தின்னகராத் தீவு. அனுமதி வாங்கறதுதான் பெரும்பாடு. மத்தியானத்துக்கு முன்னாடியே படகுக்காரர் கெளம்பச் சொன்னார். மாமனார், "முழு நாளைக்குக் காசு குடுத்திருக்கறம்"னார். படகுக்காரர் பேசாம கையக் காட்டினார். காலையில வரும்போது தண்ணிக்குள்ள கெடந்த பவளமெல்லாம், தண்ணி எறங்கிக் கொம்பு கொம்பா வெளிய தெரியுது. மாமனார்தான் மொதல்ல ஏறினார். ஒருத்தர் முன்னாடி நின்னு கழி ஊனி ஊனி வழி காட்டியும், ஒரு எடத்துல அடியில கரக்குனு ஒரசுச்சு. உசுரோட இருக்கறது ஒடையற சத்தமுங்க அது. அந்தப் பக்கத்துலயே பரளிங்கற திட்டு ஒண்ணு முழுசாக் கரைஞ்சு போச்சுன்னு 2017ல செய்தியில வந்துச்சு. கோபிக்காரர் வீட்டுப் பையன் கேட்டது சரியான கேள்விதானுங்க.

ஈரோட்டு மாமா:
நான் போன அன்னைக்குக் காத்துன்னு படகு விடலை, பாம்பன் பாலத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். போறவங்களுக்குச் சொல்றேன். பாலத்துக்குத் தெக்க இருக்கறது தென்கடல், வடக்க வடகடல். குருசடை தென்கடல்ல இருக்குது. நம்ம பல்லடம், உடுமலைப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி வேகமாச் சுத்தற மாசத்துல தென்கடலுக்குப் போகாதீங்க. பாலக்காட்டுக் கணவாய்ல நம்மளுக்கு வர்ற அதே தென்மேக்குக் காத்துதான் அங்கயும் கடலைக் கெளப்பும். ஆடி நோம்பி லீவுன்னு கெளம்பினா கரையிலதான் நிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழை, புயல் மாசம். தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும் தேவலை. அப்பவும் மொத நாள் சாயங்காலமே படகு உண்டான்னு போன் போட்டுக் கேட்டுக்கங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணி ஏறி எறங்கறது அதிகம். கெளம்பற நேரத்தைப் படகுக்காரர் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க. வார் வெச்ச செருப்பு போடுங்க. மணல்ல திருக்கை பொதஞ்சு கெடக்கும், தண்ணிக்குள்ள காலைத் தேச்சுத் தேச்சு நடங்க. கொடை காத்துக்கு நிக்காது, தலைக்குத் துண்டுதான். கட்டுச்சோறு, தண்ணி பாட்டிலு எல்லாம் தாராளமா எடுத்துட்டுப் போங்க.

திருப்பூர் பனியன்:
மாமா, காத்து விசயம் ஒத்துக்கறேன். பாட்டில் மட்டும் வேண்டாமுங்க. ஒண்ணு காத்துல பறந்து கடலுக்குள்ள போனாத் திருப்பி எடுக்க முடியாது. எவர்சில்வர் தூக்குல ஊத்திட்டுப் போகட்டும். சோத்தைக் கரையிலயே சாப்புட்டுட்டு ஏறுங்க.

கோவை அம்மிணி:
கொழந்தைக இருந்தா உப்பு, சக்கரை கலந்த தண்ணி தனியா ஒரு தூக்குல வெச்சுக்கங்க. எங்க சின்னவ அந்த வெயில்ல சுருண்டுட்டா.