லியூகோமெலாஸ் தவளைத் தொட்டிக்கு என்ன செடி, என்ன பூச்சி?

ஈரச்சருகு:
வணக்கம். 60×45×45 செ.மீ. தொட்டியில் மூன்று லியூகோமெலாஸ் குட்டிகள் (மஞ்சளும் கறுப்புமாக இருக்கும் டார்ட் தவளை) வளர்க்க ஆசை. அடியில் களிமண் உருண்டை, அதன் மேல் வலை, மேலே மண் கலவை, இதுவரை சரி. செடிக்கடையில் புரோமிலியாட் (இலைகளின் நடுவே தண்ணீர் தேக்கும் செடி), மணி பிளான்ட், ஒரு சதைப்பற்றுச் செடி எடுத்து வைத்திருக்கிறேன். ஐசோபாட் (சருகைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் சின்ன உயிரி) வகைகளில் ஆரஞ்சு நிறப் பெரியது அழகாக இருக்கிறது, போடலாமா? செடி நட்ட அன்றே தவளையை விடலாமா?

பாசிக்காடு:
சதைப்பற்றுச் செடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்த ஈரத்தில் அழுகிவிடும். மணி பிளான்ட் நல்ல தேர்வு, தவளை ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும், ஆனால் வேகமாகப் படரும் என்பதால் அடிக்கடி வெட்ட வேண்டும். புரோமிலியாடில் நியோரெகேலியா 'ஃபயர்பால்' போன்ற சின்ன வகையாகப் பாருங்கள். அதை மண்ணில் புதைக்காமல் மரக்கட்டையில் கட்டுங்கள், அடிப்பகுதி எப்போதும் நனைந்தே இருந்தால் அழுகும். ஃபைகஸ் புமிலா என்ற கொடி பின்சுவரை அழகாக மூடும், ஆனால் விட்டால் தொட்டி முழுக்க அதுதான் இருக்கும். அப்புறம் செடியைவிட முக்கியம் சருகு. நாட்டு வாதுமை இலையோ ஓக் இலையோ தரை தெரியாத அளவுக்குப் பரப்புங்கள். இந்தத் தவளைகள் தரையில்தான் அதிகம் நடமாடும், ஒளிய இடமில்லாவிட்டால் மிரண்டு வெளியே வராது.

மரவட்டை_வேண்டாம்:
பூச்சிக்கு நான் சொல்கிறேன். ஸ்பிரிங்டெயில் (துள்ளும் நுண்ணிய மண்ணுயிரி) கட்டாயம். பூஞ்சையைத் தின்று தீர்க்கும், குட்டித் தவளைக்கு இரையும் அதுவே. கரித்துண்டும் தண்ணீரும் போட்ட டப்பாவில் தனியாக வளர்த்தால், தண்ணீர் ஊற்றியதும் வெள்ளைப் பொட்டுகளாக மிதந்து வரும், அப்படியே தொட்டியில் ஊற்றிவிடலாம். ஐசோபாட்டில் வெள்ளைக் குள்ள வகை (டிரைகோரைனா டொமென்டோசா) போதும். அரை செ.மீ. கூட வளராது, எல்லாமே பெண், ஆண் இல்லாமலே பெருகும். நீங்கள் சொல்லும் ஆரஞ்சு வகை பொர்செலியோ லேவிஸாக இருந்தால் தயவுசெய்து போடாதீர்கள், அதற்குப் புரதப் பசி அதிகம், தவளை முட்டையையும் அசையாமல் கிடக்கும் நோஞ்சான் தவளையையும் கடிக்கக்கூடும். மரவட்டையும் கூடாது, பல வகைகள் விஷத் திரவம் கசியவிடும்.

ஈரச்சருகு:
நன்றி. செடியைக் கழுவினால் மட்டும் போதுமா?

பாசிக்காடு:
போதாது. கடையில் போட்ட இமிடாக்ளோபிரிட் மாதிரி பூச்சிமருந்து வேர் வழியாகச் செடிக்குள்ளேயே ஏறியிருக்கும், கழுவினாலும் போகாது. பழைய மண்ணை முழுக்க உதறி, உரமில்லாத கலவையில் நட்டு சில வாரம் தனியாக வையுங்கள், தவளையின் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சும். பிறகு தொட்டியில் நட்டு, முதலில் ஸ்பிரிங்டெயிலை மட்டும் விடுங்கள். ஓரிரு மாதத்தில் சருகைத் தூக்கினால் அவை துள்ளி ஓடும் அளவுக்குப் பெருகியிருக்க வேண்டும். குறைந்துகொண்டே போனால் தவளையைக் கொண்டுவராதீர்கள், மண்ணை மாற்றுங்கள்.