விவாத அரங்கைப் படமாக்கும்போது முகம் காட்ட முடியாதவர்களை என்ன செய்வது?

கேள்வி:
வீட்டு வேலை செய்யும் பெண்கள் எட்டுப் பேர் சம்பளப் பாக்கியை வைத்து 20 நிமிட விவாத அரங்கு நாடகம் (பார்வையாளர்களும் மேடையேறி முடிவை மாற்றிப் பார்க்கும் வடிவம்) தயாரித்திருக்கிறார்கள். அதையே குறும்படமாகவும் எடுக்க வேண்டும். அவர்களில் மூன்று பேரின் முகம் படத்தில் தெரிந்தால் அவர்களுக்கு வேலை போய்விடும். முகத்தை மங்கலாக்கினால் போதுமா? பார்வையாளர்கள் எழுந்து வந்து நடிக்கும் பகுதியை எப்படி எடுப்பது?

ஒளிப்பதிவாளர்:
மங்கலாக்குவதை நம்ப வேண்டாம். நடை, உடை, கையில் இருக்கும் தழும்பு, பின்னால் தெரியும் கதவு, இதில் ஒன்று போதும், தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முகம் கேமராவுக்குள்ளேயே போகாமல் எடுங்கள். தழும்பு போன்ற அடையாளம் இல்லாத கைகளை மட்டும் நெருக்கமாக எடுக்கலாம்: துணி பிழியும் கை, சம்பள நோட்டை எண்ணும் விரல்.

நிழலுருவம் என்றால் விளக்கு பின்சுவரில் மட்டும் விழ வேண்டும். அரையிருட்டில் எடுத்தால் எடிட்டிங்கில் வெளிச்சத்தைக் கூட்டினாலே முகம் தெரிந்துவிடும். வெளிர் நிறத் தரையும் மேசையும் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும்; கறுப்புத் துணி விரியுங்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் அதைத் திரும்பவும் மாற்றிக் கேட்டுவிடலாம். பேச்சை எழுத்தாக்கி வேறொரு நடிகையைப் பேசவைப்பதுதான் சரி.

நெறியாளர்:
பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் வளர்த்தெடுத்த இந்த வடிவத்தில் முதல் சுற்று தோல்வியில்தான் முடிய வேண்டும். இரண்டாம் சுற்றில் யாராவது "நிறுத்து" என்று சொல்லி, ஒடுக்கப்படுபவரின் இடத்தில் நின்று நடிப்பார். அடிக்கடி நடக்கும் தவறு, முதலாளி பாத்திரத்தை மாற்றி அவரை நல்லவராக்கிவிடுவது. அங்கே பிரச்சினையே காணாமல் போகிறது. அரங்கை நடத்தும் நெறியாளர் உடனே சபையைப் பார்த்து "இது நிஜத்தில் நடக்குமா?" என்று கேட்க வேண்டும்.

ஒரு கேமரா பின்னால் அசையாமல் முழு மேடையையும் பார்க்கட்டும், இன்னொன்று பக்கவாட்டில். வருபவர் கையில் மைக் கொடுக்காதீர்கள், நடிப்பு மேடைப் பேச்சாகிவிடும். மேடை விளிம்பில் இரண்டு ஷாட்கன் மைக் (நேர் எதிரே வரும் ஒலியை மட்டும் கூர்மையாகப் பிடிக்கும் நீள மைக்) போதும். படத்தில் வர விரும்பாத பார்வையாளர்களுக்குக் கேமராவுக்குப் பின்னால் தனி வரிசை ஒதுக்கி, நாடகத்துக்கு முன்பே அறிவியுங்கள்.

எடிட்டிங்கில் தோற்ற முயற்சிகளை வெட்டிவிடாதீர்கள். ஐந்து பேர் முயன்று நான்கு பேர் தோற்றார்கள் என்றால் அந்த நான்கும் படத்தில் இருக்க வேண்டும். ஜெயித்ததை மட்டும் காட்டுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

படத்தொகுப்பாளர்:
ஒப்புதலை ஒரே கையெழுத்தோடு முடிக்க வேண்டாம். படப்பிடிப்புக்கு முன், முதல் தொகுப்பைப் பார்த்த பின், வெளியிடும் முன் என்று மூன்று முறை கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒலிப்பதிவாக. கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த படங்களில், பதிவானவர்களுக்கே முதலில் போட்டுக்காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகே வெளியே காட்டினார்கள்.

இணையத்தில் ஏறிய படத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் நேராகச் சொல்லுங்கள். அந்த மூவரின் காட்சிகளைத் தனித்தனித் துண்டுகளாக வைத்துத் தொகுத்தால், கடைசி நாளில் ஒருவர் மறுத்தாலும் கதை அறுந்துபோகாது.