புதுப்பிப்பு: பெரியம்மாவின் பிரஷர் மாத்திரை கிடைத்துவிட்டது

திருச்சியிலிருந்து வந்த பெரியம்மா பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டார், கொழும்பில் மலிவாக எங்கே வாங்கலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. வெள்ளவத்தையில் ஏறி இறங்கிய பாமசிகளில் பெரியம்மா சொன்ன பெயரில் மருந்தே இல்லை என்றார்கள். அப்புறம் அண்ணாவிடம் சொல்லி மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், பெரிய எழுத்திலிருந்த கம்பனிப் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்தின் பெயர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்று இருந்தது. தேட வேண்டிய பெயர் அதுதான். தெருமுனை டொக்டர் பிரஷர் பார்த்துத் துண்டு எழுதித் தந்தார், அதோடு அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவுக்குப் போனோம், ஒரு மாத மாத்திரைக்கு ஆன காசு டொக்டருக்குக் கொடுத்ததை விடக் குறைவு. “இதுவும் அதுவும் ஒண்டுதானா பிள்ளை?” என்று பெரியம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றேதான் பெரியம்மா. இன்று காலை 130க்கு 80.