ஹீலியம் மீட்பு அமைப்பை இயக்குபவர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிரவும்

என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆய்வகப் பொறுப்பாளர்:

மின்தடையின்றி இயங்கும் மீக்கடத்திக் காந்தங்களைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாகும்போது அதைப் பையில் பிடித்து, கம்ப்ரசரால் சிலிண்டர்களில் ஏற்றி, மீண்டும் திரவமாக்கும் பணியில் இருப்பவர்கள் நேரில் கண்டவற்றை இங்கே எழுத வேண்டுகிறேன். நான் கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வங்கக் கடல் புயல் ஒன்று கரையைக் கடந்த மறுநாள், எங்கள் காந்தத்திலிருந்து வெளியேறும் வாயுவை அளக்கும் ஓட்டமானி வழக்கத்தைவிட மிகக் குறைவாகக் காட்டியது. ஹீலியம் மிச்சமாகிறது என்று புதிய மாணவர்கள் மகிழ்ந்தார்கள். ஓட்டம் திடீரெனக் குறைவதை நான் எச்சரிக்கையாகவே கொள்வேன். புயல் விலகி வெளிக் காற்றழுத்தம் ஏறும்போது திரவத்தின் கொதிநிலையும் சற்றே ஏறுவதால், உள்ளே புகும் வெப்பம் முதலில் திரவத்தைச் சூடாக்கவே செலவாகி, ஆவியாதல் சிறிது நேரம் தணிந்திருக்கும், அதில் தவறில்லை. ஆனால் அன்று மீட்புக் குழாயின் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. பையின் தாழ்மட்ட ஸ்விட்ச் சிக்கிக்கொண்டதால், பை முற்றிலும் சுருங்கிய பிறகும் கம்ப்ரசர் நிற்காமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

இதில் அஞ்ச வேண்டியது காற்று உள்ளே புகுவதைத்தான். திரவ ஹீலியம் இருக்கும் சுமார் 4.2 கெல்வினில் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி எல்லாமே உறைந்து கல்லாகிவிடும். காந்தத்தின் கழுத்துக் குழாயில் அப்படிப் பனி அடைத்துவிட்டால், ஆவியாகும் ஹீலியத்துக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் மிகுந்தால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு அடைப்புக்கு மேலே இருப்பதால் அதனாலும் பயனில்லை. கம்ப்ரசரை உடனே நிறுத்திவிட்டு, காந்தத்தை நேரே வெளிப்போக்குக் குழாய்க்கு மாற்றினோம். கழுத்துக்கு அருகே இருந்த ஒருவழி வால்வு சரியாக மூடியிருந்ததால் காந்தம் தப்பியது. குழாயின் தளர்ந்த இணைப்பொன்றின் வழியே நுழைந்த காற்று முழுவதும் சிலிண்டர்களில் கலந்திருந்தது. அந்த வாயுவைப் பூரிஃபையரில் மீண்டும் சுத்திகரித்த பிறகே திரவமாக்க முடிந்தது. அதன்பின் ஸ்விட்சை மட்டும் நம்பாமல், குழாயின் அழுத்தம் குறைந்தாலே கம்ப்ரசர் தானாக நிற்கும்படி தனி இணைப்புக் கொடுத்திருக்கிறோம்.

தாழ்வெப்பநிலைப் பிரிவுத் தொழில்நுட்பர்:

எங்களுக்குச் சிக்கல் எதிர்த் திசையிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பநிலைக்கு வந்தால் 700 லிட்டருக்கும் அதிகமான வாயுவாகிறது. டியூவார் எனும் வெப்பம் புகாத கலத்திலிருந்து காந்தத்துக்கு நிரப்பும்போது, குழாயையும் காந்தத்தின் கலத்தையும் குளிர்விப்பதிலேயே பெருமளவு ஆவியாகி, அந்த வாயு முழுவதும் ஒரே நேரத்தில் பையை நோக்கிப் பாயும். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில், பை நிறைந்துவிட்டால் வாயு வீணாகக் கூடாதென்று காந்தத்துக்கும் பைக்கும் நடுவே கையால் மூடும் வால்வைப் பொருத்த முனைந்தார்கள். காந்தத்துக்கும் அதன் ரிலீஃப் வால்வுக்கும் இடையே மூடக்கூடிய எதுவும் வந்துவிடக் கூடாது என்று நானும் என்னுடன் இருந்தவர்களும் உறுதியாக மறுத்தோம். பை நிறைந்தால் மிகுதி வாயு கூரைக்கு வெளியே போகட்டும். ஹீலியத்தின் விலை எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த இழப்பு ஏற்கத்தக்கதே. நிரப்பும் வேகத்தைத் தொடக்கத்தில் மிகக் குறைவாக வைத்தால் இழப்பும் குறையும், குளிர்ந்த வாயு ரப்பர் குழாய்வரை சென்று அதை விறைக்கவைத்துப் பிளப்பதும் நேராது.

காந்தம் திடீரென மீக்கடத்தும் நிலையை இழப்பதே குவென்ச்; அப்போது பொங்கும் வாயுவை வெளியேற்றும் குவென்ச் குழாயை மீட்புக் குழாயுடன் இணைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குவென்ச் நேரும்போது, காந்தத்தில் சேமித்திருந்த ஆற்றல் நொடிகளில் வெப்பமாகித் திரவத்தைக் கொதிக்கவைக்கிறது. பைக்குச் செல்லும் மெல்லிய குழாயால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு நிலையத்தின் சுரங்கத்தில் உள்ள துகள் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவியில் மின் இணைப்பொன்று பழுதடைந்து, சுமார் 6 டன் ஹீலியம் வெளியேறியது. வெற்றிட உறையில் இருந்த ரிலீஃப் வழிகள் அந்த வேகத்துக்குப் போதாததால், பல டன் எடையுள்ள காந்தங்களே இடம்பெயர்ந்தன. சுரங்கத்தில் அப்போது யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. ஆய்வகக் காந்தம் அதனினும் மிகச் சிறியதுதான். இருந்தாலும் குவென்ச் குழாய் அகலமாகவும் தனியாகவும் திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும்.

ஆய்வு மாணவி:

பை இருக்கும் அறையைப் பற்றியும் எழுதத் தோன்றுகிறது. எங்கள் அறையில் ஆக்சிஜன் மானிட்டரின் அலாரம் 19.5 சதவீதத்தில் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒருநாள் அது ஒலித்தபோது, உள்ளே சென்று பார்த்துவிடலாம் என்று என் சீனியர் அண்ணன் ஒருவர் கிளம்பினார். பொறுப்பாளர் அம்மா அவரைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கசியும் ஹீலியம் ஆக்சிஜனை விலக்கிவிடும், அதற்கு மணமுமில்லை. மூச்சுத் திணறலை உணர்த்துவது கரியமில வாயு சேர்வதுதான். ஆக்சிஜன் மட்டும் குறைந்தால் எந்த அறிகுறியும் தெரியாமலே ஒருவர் மயங்கி விழுந்துவிடலாம். வெளியிலிருந்தே மின்விசிறியை இயக்கி, அளவு 21 சதவீதத்துக்கு அருகே திரும்பிய பிறகு, கையில் தனி மானிட்டருடன் இருவராகச் சென்றார்கள். பையின் தையல் ஓரத்தில் கசிவு இருந்தது. ஹீலியம் மேலே சேரும் என்பதால் கூரையருகே ஒரு மானிட்டர் ஏற்கெனவே உண்டு. பூரிஃபையருக்கான திரவ நைட்ரஜனும் அதே அறையில் இருப்பதால், அதன் குளிர்ந்த வாயு தரையோடு படிவதைக் கருதி, முழங்கால் உயரத்தில் இன்னொன்றும் இப்போது பொருத்தியிருக்கிறார்கள்.