27 + 15 = 312 என்கிறாள் மகள்

பெரம்பூரில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. மூன்று வாரமாக இனமாற்றக் கூட்டலில் (ஒன்றுகளில் பத்து சேர்ந்தால் அதைப் பத்துகள் பக்கம் 1 ஆகக் கொண்டுபோய்க் கூட்டுவது) சிக்கி நிற்கிறோம். 27 + 12 கொடுத்தால் 39 என்று சரியாக எழுதுகிறாள். 27 + 15 என்றால் 312. ஏழும் ஐந்தும் சேர்ந்த 12-ஐ அப்படியே கீழே இறக்கிவிட்டு, பக்கத்தில் 3 போடுகிறாள்.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தேன். நான்கு கட்டு, இரண்டு குச்சி, 42 என்று உடனே சொன்னாள். பத்து ரூபாய்த் தாள், ஒரு ரூபாய் நாணயங்களிலும் அப்படியே. (கடையில் மீதிச் சில்லறையை என்னைவிட வேகமாகச் சொல்வாள்!) ஆனால் தாளில் எழுதும்போது, மேலே சிறிய 1 போடச் சொன்னால் போடுகிறாள், அதைக் கூட்டாமல் 32 என்கிறாள். டியூஷன் ஆசிரியை “போகப் போக வரும்” என்றதோடு சரி.

குச்சியில் வருவதைத் தாளுக்குக் கொண்டுவர, இடையில் என்ன பயிற்சி கொடுக்கலாம்?