எறியிற கை பிறவியா, பழக்கமா?

குடியாத்தம்காரி: "பொண்ணுங்களுக்கு எறியிற கை பிறவியிலயே கிடையாது"ன்னு நேத்து எழுதின பாலாற்றங்கரை அண்ணே, உங்க பீச்சாங்கையால ஒரு பந்தை எறிஞ்சு வீடியோ போடுங்க. எந்தக் கால் முன்னாடி வருது, இடுப்பு திரும்புதான்னு பாக்கலாம்.

பாலாற்றங்கரை: இன்னாம்மா பேசறே? 1985ல தாமஸ், பிரெஞ்ச்னு ரெண்டு பேரு அதுவரைக்கும் வந்த ஆய்வுங்களை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. மத்த திறமையில சின்ன வயசுல வித்தியாசம் கம்மி. எறியிற வேகத்துல மட்டும் மூணு நாலு வயசுலயே பெரிய இடைவெளி. அந்த வயசுல எந்தக் கோச்சு சொல்லிக் குடுத்தான்?

குடியாத்தம்காரி: பையன் கையில பந்து, பொண்ணு கையில சொப்பு. கோச்சு எதுக்கு? பீச்சாங்கை வீடியோ எங்க?

காட்பாடி வேகம்: ஈட்டி எறியிறதுல நீரஜ் சோப்ரா 2025 தோஹாவுல 90.23 மீட்டர். அன்னு ராணி 2022ல 63.82. முடிஞ்சுது.

குடியாத்தம்காரி: ரெண்டும் ஒரே ஈட்டியா?

காட்பாடி வேகம்: ஆம்பளைக்கு 800 கிராம், பொம்பளைக்கு 600. லேசான ஈட்டியிலயே 63.82தான்!

குடியாத்தம்காரி: வளர்ந்தவங்க தோளும் கை நீளமும் வேற கதை. நான் கேட்டது எறியிற விதம். பீச்சாங்கையால எறியும்போது நீங்களும் உடம்பைத் திருப்பாம கையை மட்டும்தான் வீசுவீங்க. அது எலும்பா, பழக்கமா?

பழைய பி.டி. மாஸ்டர்: சத்துவாச்சாரி பக்கம் த்ரோபால் சொல்லிக் குடுத்தவன் நான். வலது கைக்காரிக்கு இடது கால் முன்ன, இடுப்பு முதல்ல, தோள் அப்புறம், முழங்கை கடைசி. பழக்கினா பொண்ணுங்க எறியிறது நல்லாவே மாறுது. பையனைப் பழக்கினா அவனும் முன்னைவிட நல்லாத்தான் எறியிறான்.

பாலாற்றங்கரை: அப்படிச் சொல்லுங்க சார்! ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைங்களை 2010ல பாத்தாங்க. அங்கியும் பையன்தான் முன்னாடி.

குடியாத்தம்காரி: இடைவெளி அங்க குறைஞ்சிருந்ததை முழுங்கிட்டீங்களே! பாதி படிக்கிறதே உங்க வழக்கம். முன்னாடி இங்க போட்ட முள்ளுக் கத்திரிக்கா சண்டையிலயும் இதே வேலைதான்.

பாலாற்றங்கரை: அந்த இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சே, அப்பவும் நீ ஒத்துக்கலை.

குடியாத்தம்காரி: குறியீட்டை யாரு மறுத்தா? உங்க கடைக் கத்திரிக்கா இலவம்பாடியே இல்லைன்னேன். எங்க ஊர்ல பீடி சுத்துற பொம்பளைங்க விரல் வேகத்தைப் பழக்கம்ன்றீங்க. பையன் கல்லு விட்டா மட்டும் பிறவி! சாயங்காலம் எந்த மைதானத்துல பொண்ணுங்களுக்கு இடம் விடறீங்க?

காட்பாடி வேகம்: 63.82.

பழைய பி.டி. மாஸ்டர்: கத்திரிக்காயைத் தனித் திரியில பேசுங்கப்பா.

குடியாத்தம்காரி: சார், நீங்க எந்தப் பக்கம்? அதைச் சொல்லுங்க முதல்ல.