களிச்சட்டி உட்காருமா? – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

உசிலை அத்தை: எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனத்து ஆட்கள் வந்தார்கள். இரும்பில் செய்த விறகடுப்பு, புகை கம்மியாம், பாதி விறகு போதுமாம். நம் பங்கு 700 ரூபாய், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்கணும். வாங்கலாமா?

தேன்மொழி: காஸ் அடுப்புதான் இருக்கிறதே அத்தை, 2007 வாக்கில் அரசு இலவசமாகக் கொடுத்தது. மறுபடி எதற்கு விறகு?

உசிலை அத்தை: அது டீ போட, குழம்பு சூடு பண்ண தாயி. வெந்நீர், பயறு அவிக்கிறது, களி, கறிக்குழம்பு எல்லாத்தையும் அதில் வைத்தால் சிலிண்டர் மாசம் தாண்டாது. சிலிண்டருக்கு மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்கணும். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் சும்மா கிடக்கிறது.

கதிர்: உஜ்வலா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் வாங்கிய இணைப்பாக இருந்தால் சிலிண்டருக்கு மானியம் வரும். அத்தையுடையது பழைய இணைப்பு, அதில் சேராது.

பெரியப்பா: இந்தக் கதை எனக்குப் புதுசில்லை. 1983 வாக்கில் மத்திய அரசு திட்டம் போட்டு ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டியது, நம் வீட்டிலும் கட்டினார்கள், களிமண் அடுப்பு, கூரைக்கு மேல் புகைபோக்கி. குழாயில் கரி அடைத்தால் எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. ரெண்டு மழைக்காலம் தாண்டியதும் புகை முழுக்க வீட்டுக்குள்ளேயே திரும்பியது, அம்மா ஒருநாள் கடப்பாரையை எடுத்து இடித்துவிட்டுப் பழைய கொடியடுப்பையே பூசிக்கொண்டார்கள். 2002-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

கதிர்: இது வேற மாதிரி பெரியப்பா. புகைபோக்கி புகையை வெளியே தள்ளும், அவ்வளவுதான். புகை என்பதே எரியாமல் தப்பிய விறகுதான். மூணு கல் அடுப்பில் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் பாத்திரத்துக்குப் போகிறது. இந்த மாதிரி அடுப்பில் கீழே கம்பித்தட்டு, அதன் வழியாகக் காற்று ஏறும், சுற்றிலும் சூடு வெளியேறாமல் கட்டியிருப்பதால் புகையில் பெரும்பகுதி உள்ளேயே எரிந்துவிடும். ஒன்று மட்டும், விறகு நன்றாகக் காய்ந்திருக்கணும், விரல் தண்டிக்குப் பிளந்து போடணும்.

மாமா: கருவேல மரத்தை விரல் தண்டிக்குப் பிளக்கிறது யார்?

உசிலை அத்தை: திண்ணையில் உட்கார்ந்து போனில் தட்டுகிறவர்தான்.

தேன்மொழி: 😂😂

தேன்மொழி: அப்பத்தாவை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் முதலில் கேட்டது எத்தனை வருஷமாக விறகடுப்பு என்றுதான். பீடியைத் தொடாத மனுஷிக்கு நுரையீரல் அடைப்பு. வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் எந்த அடுப்பு வாங்கினாலும் தாழ்வாரத்தில் வையுங்கள் அத்தை, புகை கம்மி என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை.

கதிர்: அதுவும் சரி. காஸ்தான் சுத்தம், இது அதற்கு அடுத்த படி.

உசிலை அத்தை: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள், குரல் செய்தி போடச் சொன்னேன், நீளமாகப் போகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த அடுப்பில் நம் களிச்சட்டி உட்காருமா, துடுப்பு போட்டு அழுத்திக் கிண்டினால் அடுப்பு ஆடுமா, சாய்ந்தால் கொதிக்கிற களி யார் காலில் விழும் என்று கேட்கிறார்கள்.

பெரியப்பா: இதைத்தான் அன்றைக்குக் கட்ட வந்தவர்கள் கேட்காமல் போனார்கள்.

கதிர்: உயரமாக, அடி குறுகலாக இருந்தால் ஆடத்தான் செய்யும். 700 ரூபாயை இப்போதே கொடுக்க வேண்டாம் அத்தை, ஒன்றை இரவலாகக் கேட்டு ஒரு வாரம் சமைத்துப் பாருங்கள். பாதி விறகா இல்லையா என்று, ஒரே சமையலைப் பழைய அடுப்பிலும் இதிலும் விறகை எடைபோட்டு எரித்தாலே தெரிந்துவிடும்.

உசிலை அத்தை: கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒன்று கொண்டுவருகிறார்களாம். களிச்சட்டியும் துடுப்பும் உளுந்து மாவும் எடுத்துக்கொண்டு போகிறேன், எல்லார் முன்னாலும் கிண்டிப் பார்க்கலாம்.

மாமா: மிச்சம் இருந்தால் கொண்டு வா. வரும்போது நல்லெண்ணெயும் வாங்கிக்கொள், வீட்டில் தீர்ந்துவிட்டது.